பழுதும் பழியும்

1

டீசல் எஞ்சினுக்குள் தீப்பொறி கிடையாது. பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டுகிறது, பெட்ரோல் பற்றிக்கொள்கிறது. டீசலில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. பிஸ்டன் வெறும் காற்றை உள்ளே இழுத்து அதை இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுங்கிய காற்று சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுமே, அதே சங்கதிதான். அந்தச் சூட்டில் டீசலைத் தூறலாகத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினிலிருந்து இன்று மலையேறும் காய்கறி வண்டி வரைக்கும் அடிப்படை இதுதான்.

ஆகவே காலையில் சாவியைத் திருப்பும் அந்தப் பத்து விநாடி ஒரு பழைய டீசல் வண்டிக்குப் பரீட்சை மாதிரி. நான்கு பாடங்கள். பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் எஞ்சினை வேகமாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் நசுங்கும் காற்று ரிங் இடுக்கில் கசிந்துவிடும், பிறந்த சூடும் குளிர்ந்த இரும்புக்குள் போய்விடும். சிலிண்டரும் வால்வும் காற்றை ஒழுகவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். டேங்கிலிருந்து டீசல், நடுவில் காற்றுக்குமிழி இல்லாமல், நாசில் வரை வந்து சரியான நேரத்தில் தெளிக்கப்பட வேண்டும். குளிர் காலையில் ஹீட்டர் பிளக்குகள் நான்கும் சிவக்கச் சூடேறிக் கைகொடுக்க வேண்டும்.

இந்தப் பரீட்சையில் பாடவாரியாக பாஸ் மார்க் கிடையாது. மொத்தம் கூட்டிப் பார்த்து ஒரே கோடுதான். பேட்டரி கொஞ்சம் சோர்ந்திருந்தாலும் கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் வண்டி எடுத்துவிடும். ஒரு ஹீட்டர் பிளக் செத்திருந்தாலும் மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் கோடும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. குளிர ஏற ஏற அதுவும் மேலே ஏறுகிறது. கணக்குப் போட்டால், உள்ளே இழுக்கும் காற்று 20 டிகிரி குளிர்ந்திருந்தால் நசுங்கி முடியும்போது 50 டிகிரிக்கு மேல் சூடு குறைந்துவிடுகிறது. ஒரே வண்டி, ஒரே நாளில், சமவெளியில் பாஸ் ஆகும். மலையில் பெயில் ஆகும்.

பழைய வண்டி ஒரேயடியாகப் படுத்துவிடுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு மார்க் மூன்று மார்க் குறைகிறது. யாருக்கும் தெரிவதில்லை. ஒரு நாள் எல்லாக் குறையும் சேர்ந்து மொத்தத்தைக் கோட்டுக்குக் கீழே தள்ளுகிறது. அன்றைக்குத்தான் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்கிறோம்: "என்ன காரணம்?"

ஒருமையில்தான் கேட்கிறோம். 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர், நோயை அறிந்தபின் அது எதிலிருந்து வந்தது என்று தேடச் சொல்கிறார். நல்ல வைத்தியர், நல்ல மெக்கானிக் எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் தேடிப் போய்ப் பார்த்தால் முதற்காரணம் என்று ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கவில்லை, நான்கு பேர் வரிசையாக நிற்கிறார்கள் என்றால்? அதில் ஒருவரைச் சுட்டிக்காட்டி "இதுதான்" என்று சொல்வது அறிவின் வேலையா, அதிகாரத்தின் வேலையா? அந்த வரிசையில் ஒரு மனிதரும் நிற்கிறார், அவர் சம்பளம் அந்த விரல் நீளும் திசையைப் பொறுத்தது என்றால்?

2

என் தாய்மாமா பிக்கப் டிரைவர். நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் அவர் வீடு. கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலே. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் சீசனில் விடியற்காலை நாலு மணிக்கு லோடு ஏற்றிக் கிளம்பி, குன்னூர் வழியாக இறங்கி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏலம் தொடங்கும் முன் போய்ச் சேர வேண்டும். வண்டி சொந்தம் இல்லை. ஓனர் வேறு ஒருவர், கீழே மேட்டுப்பாளையத்தில் இருப்பவர். வண்டி ஒன்பது வருஷமாக மாமா கையில்.

உறைபனி விழும் மாதங்களில் வண்டி காலையில் எடுக்க மாட்டேன் என்றது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கும். பிறகு ஆள் பிடித்துத் தள்ளி, இறக்கத்தில் விட்டு, கியரில் போட்டு எழுப்ப வேண்டும். லோடு ஏறிய வண்டியைத் தள்ளுவது லேசான காரியம் இல்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் தாமதம். மண்டியில் ஏலம் முடிந்தபின் போகும் காய்க்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்? தாமதமான நாளில் எல்லாம் ஓனர் மாமாவின் கூலியில் பாதியைப் பிடித்தார். இரண்டு மாதத்தில் பதினொரு நாள்.

ஓனரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் செலவு செய்யாமல் இல்லை. பேட்டரி புதிதாக மாற்றினார். கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டி, இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்தார், 14,000 ரூபாய். ஒன்றும் மாறவில்லை. இன்னொரு இடத்தில் காட்டினார். ஒவ்வொரு தடவையும் ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி ஒரே தொடுதலில் எடுத்தது. எடுக்காமல் என்ன செய்யும்? அது சமவெளி. வண்டியோ மலையிலிருந்து ஓடி இறங்கி, எஞ்சின் இன்னும் சூடாக நிற்கிறது. நோய் மலையில் விடியற்காலையில் வருகிறது; வைத்தியர் கீழே பகல் பதினொரு மணிக்குப் பார்க்கிறார்.

"வண்டியில ஒண்ணும் இல்லீங்க. ஓட்டுற கையக் கொஞ்சம் பாருங்க" என்றார்களாம் அங்கே.

அதற்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. மாமாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் ஓனரின் மகன் வண்டி ஓட்டினார். அந்த வாரம் முழுக்க வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. டிரைவர் மாறினார், பழுது போனது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

ஆனால் அந்த வாரம் வண்டி ராத்திரியில் கீழே, ஓனர் வீட்டு வாசலில் நின்றது. காலையில் காலி வண்டியாக மேலே ஏறி, மத்தியானம் லோடு எடுத்துக்கொண்டு இறங்கியது. டிரைவர் மட்டும் மாறவில்லை. இடம் மாறியது, நேரம் மாறியது, குளிர் மாறியது. மூன்று நான்கு விஷயம் ஒரே நேரத்தில் மாறியபோது, கண்ணுக்குத் தெரிந்த ஒரே மாற்றம் மனிதர். பழி அவர்மேல் விழுந்தது.

3

நியாய மரபினர் இதைப் பற்றி நிறையவே யோசித்திருக்கிறார்கள். ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்கும் என்பது அன்வயம். இல்லாவிட்டால் இல்லை என்பது வியதிரேகம். இரண்டையும் பார்த்துத்தான் ஒன்றைக் காரணம் என்று சொல்லலாம். அது மட்டும் போதாது என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காரியத்துக்கு முன்னால் எப்போதும் வந்து நிற்கும், ஆனாலும் காரணம் ஆகாது என்று சில விஷயங்களை ஒதுக்கி வைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டின் விஸ்வநாதர் எழுதிய 'பாஷா பரிச்சேதம்' அப்படி ஐந்து வகைகளைச் சொல்கிறது. பானைக்கு உதாரணம் சொல்லும்போது அதில் குயவரின் அப்பா வருகிறார். மண் சுமந்து வந்த கழுதையும் வருகிறது.

அந்தக் கழுதையை எனக்கு மிகவும் பிடிக்கும். பானை உருவாகும் இடத்தில் எல்லாம் அது நின்றுகொண்டிருக்கிறது. குயவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. தினமும் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான். ஆனால் அது இல்லாமல் வேறு வழியில் மண் வந்திருந்தாலும் பானை ஆகியிருக்கும். ஆகவே அது காரணம் இல்லை.

வண்டி எடுக்காத ஒவ்வொரு காலையிலும் மாமா சாவியோடு அங்கே இருந்தார். ஒன்பது வருஷமாக வண்டி எடுத்த ஆயிரக்கணக்கான காலைகளிலும் அவரே இருந்தார். அந்தக் காலைகளை யாரும் எண்ணவில்லை. பழுது நடக்கும் இடத்தில் எப்போதும் இருப்பது ஒரு தொழிலாளியின் தொழிலே. நர்ஸ் நோயாளியின் அருகில் இருக்கிறார், வாட்ச்மேன் கேட்டருகில் இருக்கிறார், டிரைவர் வண்டியில் இருக்கிறார். ஏதாவது தவறினால் பக்கத்தில் நின்றவரை முதலில் கேட்பது இயல்புதான். கேள்வியைத் தாண்டி, சோதித்துப் பார்க்காமலேயே கூலியைப் பிடிப்பதுதான் அநீதி.

4

மேட்டுப்பாளையத்தில் வயதான ஒரு டீசல் மெக்கானிக் இருந்தார். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மாமா சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"எடுக்காத வண்டியத்தான் நான் பாக்கணும். எடுக்குற வண்டியப் பாத்து என்ன பண்றது? இன்னிக்கு உங்க கூடவே மேல வர்றேன் அண்ணே. ராத்திரி வழக்கமா எப்படி நிறுத்துவீங்களோ அப்படியே நிறுத்துங்க. காலைல நான் சொல்ற வரைக்கும் சாவியத் தொடாதீங்க."

பொங்கல் விடுமுறைக்கு நான் மாமா வீட்டில் இருந்தேன். டார்ச் பிடிக்கும் வேலை எனக்கு. வாசலில் புல்மேல் உப்பு தூவியதுபோல உறைபனி. பாய் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று நடந்து பார்த்தார். பிறகு மாமாவிடம் கேள்விகள். ஹீட்டர் லைட் அணையும் வரை காத்திருக்கிறீர்களா? ஒரு தடவை எத்தனை விநாடி செல்ஃப் அடிப்பீர்கள்? இடையில் ஓய்வு விடுவீர்களா? கொஞ்சமும் தயவு இல்லாத கேள்விகள். மாமாவும் சந்தேகப் பட்டியலில் இருந்தார். அது சரிதான் என்றே தோன்றியது. பட்டியலில் அவர் மட்டும் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

"இப்ப அடிங்க. அஞ்சு செகண்டு. நான் புகையைப் பாக்குறேன்."

செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது. சைலன்சரில் புகையே இல்லை.

"பாப்பா, பாத்தீங்களா? வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, எரியலன்னு அர்த்தம். ஒண்ணுமே வரலன்னா டீசலே போகல. வியாதி ரெண்டும் வேற வேற."

பில்ட்டர் தலையில் இருந்த கைபம்பை அமுக்கினார். பஞ்சுபோல அமுங்கியது. முப்பது தடவைக்கு மேல் அடித்த பிறகே கை விறைத்தது. லைனில் காற்று. மறுபடி செல்ஃப் அடித்தபோது வெள்ளைப் புகை வந்தது. எஞ்சின் இரண்டு கால் நொண்டியதுபோலத் தடதடத்து அணைந்தது. இப்போது இரண்டாவது வியாதி வெளியே தெரிந்தது. ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து டெஸ்ட் லேம்ப் எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டார். இரண்டில் விளக்கு எரிந்தது. இரண்டில் எரியவில்லை. அடுத்து மீட்டரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னார். 1.2 வோல்ட் காட்டியது. நல்ல எர்த் கேபிளில் அரை வோல்ட்கூடப் போகக் கூடாது. புது பேட்டரியின் பலத்தில் பத்தில் ஒரு பங்கு ஒரு துருப்பிடித்த கேபிளில் வீணாகிக்கொண்டிருந்தது.

காற்று எங்கிருந்து வருகிறது? வெளியே ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை. அங்கேதான் எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள். டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவில் இருக்கும் லைன் டீசலை உறிஞ்சும் லைன். எஞ்சின் ஓடும்போது அதில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வண்டி நின்றபிறகு அந்த வழியே காற்று நுழைந்து, டீசல் மெல்ல மெல்ல டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடும். பாய் பில்ட்டருக்குப் பின்னால் ஒரு துண்டு ஹோஸைக் கழற்றி, கண்ணாடிபோலத் தெரியும் டியூபை மாட்டினார். குமிழி குமிழியாக ஓடியது. அதற்கு முன்னால் இருந்த இணைப்பில், பில்ட்டர் மாற்றிய சமயத்தில் நசுங்கிப்போன பழைய செம்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தார்கள்.

கையில் புது வாஷர் இருந்தும் அவர் மாற்றவில்லை. கைபம்பு அடித்து அன்றைய லோடை அனுப்பிவிட்டு என்னிடம் ஒரு நோட்டு கேட்டார்.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா வண்டி எடுத்துரும், ஆனா எதனால எடுத்துச்சுன்னு தெரியாது. நாளைக்கு ராத்திரி வண்டியத் திருப்பி, மூக்கு கீழ பாக்குற மாதிரி நிறுத்துங்க. வேற எதையும் தொடாதீங்க. பாப்பா, நீங்க எழுதி வைங்க."

மாமா வீட்டு வாசல் சரிவு. வண்டி எப்போதும் மூக்கை மேலே தூக்கித்தான் நிற்கும். டேங்க் பின்னால், தாழ்வாக இருக்கும். பக்கத்து வீட்டு ஜீப்பை அன்றைக்கு மட்டும் நகர்த்தச் சொல்லி, மாமா வண்டியைத் திருப்பி நிறுத்தினார். நான் எழுதினேன்: மூக்கு கீழே. இரண்டாவது தடவையில் எடுத்தது. வெள்ளைப் புகை உண்டு.

மறுநாள் வாஷரை மாற்றி, பழையபடி மூக்கை மேலே வைத்து நிறுத்தினோம். எழுதினேன்: மூக்கு மேலே, புது வாஷர். இரண்டாவது தடவையில் எடுத்தது. வெள்ளைப் புகை உண்டு.

அதன் பிறகு ஹீட்டர் பிளக் இரண்டு, எர்த் கேபிள் ஒன்று. முதல் தடவையிலேயே எடுத்தது, புகை இல்லாமல்.

5

நோட்டின் அந்த இரண்டு வரிகளைத்தான் நான் இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டை அப்படியே இருக்க, வண்டியைத் திருப்பி நிறுத்தினால் எடுக்கிறது. வண்டி அப்படியே நிற்க, ஓட்டையை அடைத்தால் எடுக்கிறது. சோதனையில் இரண்டும் பாஸ். அப்படியானால் எது காரணம்?

ஓனருக்குச் சந்தேகமே இல்லை. போனில் முதல் வரியைக் கேட்டதுமே, "நான் அப்பவே சொன்னேன்ல? நிறுத்துற லட்சணம்தான்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. நிறுத்திய விதம் நிஜமாகவே ஒரு காரணம். இந்தத் தடவை மாமா வெறும் கழுதை இல்லை. சரிவில் மூக்கை மேலே தூக்கி நிறுத்திய கை அவருடையது.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தர்க்க நூலில் இந்தச் சிக்கலைத் தொட்டிருக்கிறார். ஒரு விளைவுக்குத் தேவையான நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்ததுதான் காரணம். அதில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து அதற்குக் காரணம் என்று பட்டம் சூட்ட நமக்கு உரிமை இல்லை என்பது அவர் கட்சி. ஓட்டை, சரிவு, குளிர், கேபிள், ஹீட்டர் பிளக் எல்லாம் சேர்ந்த கூட்டம்தான் காரணம். சரி. ஆனால் கூட்டத்திடம் கூலி பிடிக்க முடியாது. மனிதர்கள் பொறுக்கித்தான் எடுக்கிறார்கள்.

எப்படிப் பொறுக்குகிறார்கள் என்று ஆர். ஜி. காலிங்வுட் 1940-இல் வெளிவந்த 'அன் எஸ்ஸே ஆன் மெட்டாபிஸிக்ஸ்' நூலில் எழுதினார். தற்செயலாக அவர் உதாரணங்களும் கார்தான். ஒரு கார் வளைவில் சறுக்கிக் கவிழ்கிறது. ஓட்டியவர் பார்வையில் வேகமாகத் திரும்பியது காரணம். சாலைப் பொறியாளர் பார்வையில் சாலையின் மேற்பரப்பு. தயாரிப்பாளர் பார்வையில் வண்டியின் வடிவமைப்பு. ஒவ்வொருவரும் தன்னால் மாற்றக்கூடிய ஒன்றையே காரணம் என்று அழைக்கிறார் என்கிறார் காலிங்வுட். காரணம் என்பது ஒரு கைப்பிடி மாதிரி. யார் கைக்கு எது எட்டுகிறதோ அதுவே அவருக்குக் காரணம்.

அழகான கருத்து. ஆனால் எனக்குத் தெரிந்த உலகத்தில் நடப்பது இதற்குத் தலைகீழ். ஓட்டியவர் சாலையைச் சொல்கிறார். சாலை போட்டவர் ஓட்டியவரைச் சொல்கிறார். தன் கைக்கு எட்டும் கைப்பிடியை விட்டுவிட்டு, அடுத்தவர் கையில் இருப்பதைக் காட்டுகிறோம். எல்லோரும் எல்லோரையும் காட்டினால்கூடப் பரவாயில்லை, கணக்குச் சரியாகிவிடும். அதிகாரம் உள்ளவரின் விரல் மட்டும் செல்லுபடியாகும்போதுதான் அநீதி தொடங்குகிறது.

எச். எல். ஏ. ஹார்ட்டும் டோனி ஹானரேயும் 1959-இல் சட்டத்தில் காரணம் என்பதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார்கள். வழக்கமாக எப்போதும் இருப்பதை நாம் காரணம் என்று சொல்வதில்லை. வழக்கத்திலிருந்து விலகியதைத்தான் சொல்கிறோம் என்பது அவர்களின் முக்கியமான கவனிப்புகளில் ஒன்று. தீ விபத்துக்கு ஆக்சிஜன் காரணம் என்று யாரும் சொல்வதில்லை. இந்த அளவுகோல் மாமாவுக்கு உதவுகிறது. ஒன்பது வருஷமாக அதே சரிவு, அதே மூக்கு. வண்டி எடுத்துக்கொண்டுதான் இருந்தது. புதிதாக வந்தது ஓட்டை. ஆகவே ஓட்டைதான் காரணம்.

ஆனால் எது வழக்கம் என்பதையும் யாரோ ஒருவர்தான் தீர்மானிக்கிறார். வண்டியை டிரைவரின் வீட்டு வாசலில், சரிவில், வாடகை இல்லாமல் நிறுத்துவது ஓனருக்கு வழக்கம். பில்ட்டர் மாற்றும்போது செலவைக் குறைக்கப் பழைய வாஷரைப் போடுவது ஒர்க்‌ஷாப்புக்கு வழக்கம். எல்லோருடைய வழக்கத்தையும் மன்னித்துக்கொண்டே போனால் கடைசியில் குளிரைத்தான் தண்டிக்க வேண்டும்.

ஆகவே தத்துவவாதிகள் தராத ஒரு சின்ன அளவுகோலை நான் எனக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் "இதுதான் காரணம்" என்று சொல்லும்போது இரண்டு விஷயம் பார்க்கிறேன். ஒன்று, அவர் தன் கையில் இருக்கும் கைப்பிடியையும் பட்டியலில் சேர்த்திருக்கிறாரா? இரண்டு, தான் சொன்னது தவறு என்று காட்டக்கூடிய ஒரு சோதனைக்கு அவர் சம்மதிக்கிறாரா? பாய் அப்படிச் சம்மதித்தார். வாஷர்தான் என்று முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். அந்தச் சோதனை மாமாவுக்கு எதிராகப் போகலாம் என்று தெரிந்தேதான் சொன்னார். போகவும் போயிற்று. அந்த வரியை மறைத்துவிட்டு அடுத்த வரியை மட்டும் காட்டியிருந்தால் அது மாமாவுக்குச் செய்த உதவியாக இருந்திருக்கும், ஆனால் கண்டறிதலாக இருந்திருக்காது. இந்த இரண்டும் இல்லாமல் சொல்லப்படும் காரணத்துக்குத் தமிழில் வேறு பெயர் உண்டு: பழி.

டிரைவர்கள் எப்போதும் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஹீட்டர் லைட் அணையும் முன் செல்ஃப் அடிப்பவர்கள் உண்டு, ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டு பேட்டரியைக் கொல்பவர்கள் உண்டு. சோதித்த பிறகு அவர்களைச் சொல்லலாம், கூலியும் பிடிக்கலாம். மாமாவுக்கு நடந்ததில் வரிசை தலைகீழாக இருந்தது. தண்டனை முதல் வாரமே வந்துவிட்டது. சோதனை இரண்டு மாதம் கழித்து வந்தது.

6

பாயின் பில் இப்படி இருந்தது: செம்பு வாஷர் நான்கு, ஹீட்டர் பிளக் இரண்டு, எர்த் கேபிள் ஒன்று, கூலி 800. மொத்தம் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. ஓனர் பில்லைப் பார்த்துவிட்டு, "அஞ்சு ரூவா வாஷர் மாத்துறதுக்கு எண்ணூறா பாய்?" என்று கேட்டார். பம்பைக் கழற்றி மாட்டியதற்கு 14,000 கொடுத்தபோது அவர் பேரம் பேசவில்லை. அங்கே ஒரு பொருள் கைமாறியது. கழற்றிய பழைய பாகங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். கண்ணால் பார்க்கலாம், கையால் தூக்கிப் பார்க்கலாம். பாய் கொடுத்தது ஒரு ராத்திரித் தூக்கத்தையும், "இது இல்லை, இதுவும் இல்லை, இது" என்ற அறிவையும். அதைக் காகிதத்தில் சுற்ற முடியாது.

நம் ஊரில் மாற்றும் பாகத்துக்குக் காசு உண்டு, கண்டுபிடிப்பதற்குக் கிடையாது. டாக்டரிடம் போய் "மாத்திரை ஒண்ணும் வேண்டாம், மூணு நாள்ல சரியாயிடும்" என்று கேட்டுவிட்டு வந்தால் கொடுத்த ஃபீஸ் வலிக்கிறது. நமக்கே தெரியாமல் நாம் ஒரு சந்தையை உருவாக்கி வைத்திருக்கிறோம். அதில் ஊகிப்பவருக்கு லாபம். ஒவ்வொரு தவறான ஊகத்துக்கும் ஒரு பாகம் விற்கிறது. சோதிப்பவருக்கு நஷ்டம்; மூன்று நாள் சோதனையின் முடிவில் ஐந்து ரூபாய் வாஷர் கிடைக்கிறது. பிறகு "நேர்மையான மெக்கானிக்கே கிடைப்பதில்லை" என்று புலம்புகிறோம். எங்கிருந்து கிடைப்பார்? நேர்மையாக இருக்கும் செலவை அவர் ஒருவரே தாங்க வேண்டும் என்கிறோம்.

ஊகத்தின் செலவு பில்லில் எழுதிய தொகையோடு முடிவதில்லை. பம்ப் சர்வீஸ் வண்டியைச் சரிசெய்யாமல் போனதும் அதன் தர்க்கம் எங்கே போய் நின்றது என்று பாருங்கள்: "பம்பும் பாத்தாச்சு, பேட்டரியும் மாத்தியாச்சு, அப்புறம் டிரைவர்தான்." ஒவ்வொரு தவறான ஊகமும், மிச்சம் இருக்கும் ஒரே ஆளின் மேல் சந்தேகத்தை அழுத்திக்கொண்டே போயிற்று. அந்த 14,000 ரூபாயில் ஒரு பகுதியை மாமாவும் கட்டியிருக்கிறார், பாதிக் கூலிகளாக.

7

நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொன்னார் மாமா. "எதுக்கு மாமா?" என்றேன். "இருக்கட்டும் கண்ணு" என்றார். ஓனரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். ஓனர் படித்துப் பார்த்தார். மூக்கு மேலே, மூக்கு கீழே, வாஷர், பிளக், கேபிள் எல்லாம் பார்த்தார். "சரி விடுப்பா. இப்பத்தான் வண்டி எடுக்குதே" என்றார்.

பதினொரு நாளின் பாதிக் கூலி திரும்பி வரவில்லை. மாமா கேட்கவும் இல்லை. அடுத்த சீசனில் வேறு வண்டிக்கு மாறிவிட்டார்.

"இப்பத்தான் எடுக்குதே" என்பதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். வீட்டில் காணாமல் போன மோதிரம் பீரோவுக்குப் பின்னால் கிடைக்கிறது. "கிடைச்சிருச்சே, விடுங்க" என்கிறார்கள், வேலைக்கு வந்த அக்காவிடம் அரை நாள் விசாரணை நடத்தியதை யாரும் எடுப்பதில்லை. படிக்கவில்லை என்று அடி வாங்கிய பிள்ளைக்குக் கண்ணாடி போட்டதும் போர்டு தெரிகிறது, "இப்பத்தான் நல்லாப் படிக்கிறானே." பழுது முன்னோக்கிப் பார்க்கும் விஷயம். நாளைக் காலை வண்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எடுத்துவிட்டால் அதன் கணக்கு முடிந்தது. பழி அப்படி இல்லை. அது நடந்துபோன பதினொரு காலைகளில் இருக்கிறது. வண்டி நாளைக்கு எத்தனை அழகாக எடுத்தாலும் அந்தக் காலைகள் அப்படியேதான் இருக்கின்றன. பழுது நீங்கியதும் பழி தானாக நீங்குவதில்லை. அதைத் தனியாகப் போய் நீக்க வேண்டும்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது என்பதில் எப்போதும் இரண்டு கடன்கள் இருப்பதாக நினைக்கிறேன். ஒன்று, பழுதான பொருளுக்கு நாம் படும் கடன். இன்னொன்று, கண்டுபிடிக்கும்வரை நாம் யாரையெல்லாம் சந்தேகப்பட்டோமோ அவர்களுக்குப் படும் கடன். முதல் கடனை அடைக்க நமக்கு அவசரம் இருக்கிறது, அடைக்காவிட்டால் லோடு போகாது. இரண்டாவது கடனை அடைக்காவிட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் அதைச் செய்கிறவர்கள் குறைவு. பெரிதாகச் செலவும் கிடையாது. வண்டி எடுத்ததும், பானெட்டை மூடிக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆளிடம் போய்ச் சொல்ல வேண்டும்: "நான் நினைச்ச மாதிரி இல்லப்பா. வாஷர்தான்." பிடித்த காசு இருந்தால் அதையும் கொடுத்துவிட வேண்டும்.